தேனில் இரும்புச் சத்து எவ்வளவு?

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். எனக்கு ஹீமோகுளோபின் 9.5 என்று கிளினிக்கில் சொன்னார்கள். இரும்புக் குளிசை வயிற்றைப் புரட்டியதால் அதை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் ஒரு மேசைக்கரண்டி தேனை வெந்நீரில் கலந்து குடிக்கிறேன். நீரிழிவுள்ள என் மாமியும் சீனிக்குப் பதிலாகத் தேனையே சேர்க்கிறார். எட்டு மாதக் குழந்தையின் இருமலுக்கும் தேன் கொடுக்கலாமா?

பதில்: குழந்தையின் விடயமே அவசரமானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளித் தேனும் கொடுக்கக் கூடாது. பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். அவை கொதிநீரிலும் அழிவதில்லை. பெரியவர்களின் குடல் அவற்றை வளரவிடாது. ஆனால் கைக்குழந்தையின் குடலில் அவை பெருகி நஞ்சைச் சுரந்து, மலச்சிக்கல், பால் உறிஞ்ச முடியாமை, அழுகுரல் தளர்தல், உடல் துவளுதல் என்று மூச்சை நிறுத்தும் அளவுக்கும் கொண்டுபோகலாம். பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தடவும் வழக்கத்தையும் இதே காரணத்தால் நாம் கைவிட வேண்டும். குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அடுத்து உங்கள் இரத்தச்சோகை. 100 கிராம் தேனில் ஏறத்தாழ 82 கிராம் சர்க்கரைகளும் 17 கிராம் நீரும் இருக்கின்றன. எஞ்சியிருக்கும் சிறு பங்கில்தான் புரதம், விட்டமின், தாதுக்கள் எல்லாம் அடங்குகின்றன. அதில் இரும்பு 0.4 மில்லிகிராம் அளவே. நம் ஊரில் விற்கும் 750 மில்லிலீற்றர் போத்தலில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேன் பிடிக்கும். அந்தப் போத்தல் முழுவதையும் குடித்தாலும், மாதவிடாய் வரும் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவையான சுமார் 18 மில்லிகிராம் இரும்பில் கால்வாசிகூடக் கிடைக்காது. ஆகவே குளிசையை மீண்டும் தொடங்குங்கள். வயிற்றைப் புரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தேசிக்காய்ச் சாற்றுடன் விழுங்கிப் பாருங்கள். அப்போதும் முடியாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள், அளவையோ வகையையோ மாற்றித் தருவார்கள். குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரைத் தவிர்ப்பது அவசியம், ஏனெனில் நீங்கள் பறிக்கும் அந்தக் கொழுந்தின் துவர்ப்புச் சத்துத்தான் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது. முருங்கைக் கீரை, நெத்தலி, கடலை, கிடைக்கும்போது ஈரல் ஆகியவற்றில் தேனைவிடப் பல மடங்கு இரும்பு உண்டு.

உங்கள் மாமி கரண்டிக் கணக்கில் ஏமாறுகிறார். தேக்கரண்டிச் சீனியின் எடை ஏறத்தாழ 4 கிராம். அதே கரண்டியில் தேன் 7 கிராம் நிற்கும், அதில் சர்க்கரை மட்டும் 6 கிராமுக்குக் கிட்ட இருக்கும். தேன் இரத்தச் சர்க்கரையைச் சீனியைவிடச் சற்று மெதுவாக உயர்த்துவது உண்மையே, ஆனால் கூடுதலாக ஊற்றினால் அந்தச் சிறு நன்மையும் போய்விடும். உலக சுகாதார அமைப்பும் குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் பட்டியலில் தேனைச் சேர்த்திருக்கிறது. கித்துள் பாணிக்கும் இதே விதிதான். நீரிழிவு மருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி, நடுக்கமும் வியர்வையும் வரும் வேளையில், நினைவு தெளிவாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டித் தேன் கைகொடுக்கும்.

அப்படியானால் தேனுக்கு மருத்துவ குணமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளின் இருமலுக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை கொடுப்பது, ஒன்றும் கொடுக்காமல் விடுவதைவிட நல்லது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசி 2018இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு காட்டியது. அமிலத் தன்மையும், நீர் குறைவும், தேனீயின் நொதியால் உண்டாகும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் கிருமிகளை வளரவிடுவதில்லை. ஆயினும் புண்களுக்கு வைத்தியசாலைகளில் பயன்படுவது கிருமிநீக்கம் செய்த தேன். கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்தில் வீட்டுத் தேனைப் பூசிவிட்டு ஏற்பு (டெட்டனஸ்) ஊசியைத் தவறவிடாதீர்கள்.

தண்ணீரில் கரைகிறதா, தீக்குச்சியில் தடவினால் எரிகிறதா என்று பார்க்கும் வீட்டுச் சோதனைகள் கலப்படத்தை உறுதியாகக் காட்டுவதில்லை. நம் மலைநாட்டுக் குளிரில் தேன் உறைந்து மணிமணியாவதும் கலப்படத்தின் அடையாளம் அல்ல, அதிலுள்ள குளுக்கோஸ் பிரிவதுதான். போத்தலை இளஞ்சூடான நீரில் சிறிது நேரம் வைத்தால் மீண்டும் இளகிவிடும்.