வாசகர் கேள்வி – பதில்: சிட்னி லூனா பார்க்

கேள்வி: ஆண்டிறுதி விடுமுறைக்குச் சிட்னியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டிற்குச் செல்கிறோம். அங்குள்ள லூனா பார்க் பழமை மாறாமல் சீரமைக்கப்பட்ட பூங்கா என்றும், கட்டாயம் பார்க்க வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். கெந்திங் மலையின் பெரிய ராட்டினங்களில் ஏறிப் பழகிய என் பிள்ளைகளுக்கு அது பிடிக்குமா? உடன் வரும் என் மாமியாருக்கு அங்கே என்ன இருக்கிறது?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வேகத்துக்காகவும் உயரத்துக்காகவும் மட்டும் என்றால் கெந்திங்கே போதும், அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. ‘பழமை மாறாமல்’ என்பதையும் சற்றுக் கவனமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்பர் பாலத்துக்கான இரும்பு வேலைகள் நடந்த பட்டறை நிலத்தில், 1935 அக்டோபர் 4 அன்று திறக்கப்பட்ட பூங்கா அது. மேலும் கீழும் பாய்ந்தோடும் அன்றைய பிக் டிப்பர் ராட்டின ரயில் 1981-இல் பிரிக்கப்பட்டது. பின்னர் அதே பெயரில் வந்த மற்றொன்று 2001-இல் குவீன்ஸ்லாந்திலுள்ள பூங்காவுக்கு விற்கப்பட்டது. இன்று ஓடுவது 2021-இல் வந்தது. வாயிலில் சிரிக்கும் அந்தப் பெரிய முகம்கூடப் பலமுறை புதிதாகச் செய்யப்பட்டதுதான்.

உண்மையிலேயே 1935-ஐச் சேர்ந்தது ‘கோனி ஐலண்ட்’ என்ற விளையாட்டுக் கூடம். ஆகவே முதலில் அங்கே போங்கள். உயரமான மரச் சறுக்குகள், உள்ளே நடந்து கடக்க வேண்டிய சுழலும் உருளைகள், காலடியில் ஆடும் நடைபாதைகள், ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடிகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இவற்றுள் ‘ஜாய் வீல்’ என்ற மரத்தட்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாரும் தட்டின் மேல் நெருக்கியடித்து உட்கார்ந்ததும் அது சுழலத் தொடங்கும். வேகம் கூடக்கூட, ஓரத்தில் இருப்பவர் முதலில் வழுக்கி வெளியே போவார், நட்டநடுவில் இடம் பிடித்தவர் கடைசிவரை நிற்பார். மையத்திலிருந்து விலக விலக, அந்த வட்டத்திலேயே நிலைத்திருக்க அதிக உராய்வு தேவைப்படுகிறது என்ற இயற்பியல் பாடத்தை உங்கள் பிள்ளைகள் தரையில் விழுந்து கற்றுக்கொள்வார்கள். சறுக்கில் முழங்கை உராய்ந்து சிராய்க்கக்கூடும் என்பதால் நீளக் கைச்சட்டையும் கால்சட்டையும் நல்லது.

உங்கள் மாமியார் எதிலும் ஏறாவிட்டாலும், கண்ணாடிகளின் முன்னும் ஜாய் வீலின் பக்கத்திலும் நின்றாலே பொழுது போய்விடும். விரும்பினால் குடைராட்டினத்தில் உட்கார்ந்து துறைமுகத்தையும் பார்க்கலாம். மேற்குப் புறநகரிலிருந்து ரயில் நேராகப் பாலத்தைக் கடந்து மில்சன்ஸ் பாயிண்டில் இறக்கிவிடும். இருந்தாலும் சர்க்குலர் கீயில் இறங்கிப் படகில் போவதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: எங்கள் பினாங்கில் நியூ வேர்ல்ட் பார்க் கேளிக்கைப் பூங்கா சாப்பாட்டுக் கடை வளாகமாகிவிட்டது. கோலாலம்பூரில் அதேபோன்ற பி.பி. பார்க் இருந்த சுவடே இல்லை. தீ விபத்து நேர்ந்த லூனா பார்க் மட்டும் எப்படித் தப்பியது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: எளிதில் தப்பிவிடவில்லை. 1979 ஜூன் 9 இரவு அங்கிருந்த பேய் ரயிலில் தீப்பிடித்து, 6 சிறுவர்கள் உட்பட 7 பேர் இறந்தனர். பூங்கா மூடப்பட்டது; துறைமுகத்தை ஒட்டிய அந்த நிலத்தின் மீது கட்டட முதலீட்டாளர்களின் கண் விழுந்தது. ஓவியர் மார்ட்டின் ஷார்ப் போன்ற கலைஞர்களும் பொதுமக்களும் அமைப்பாகத் திரண்டு போராடினர். 1990-இல் அந்த இடத்தைக் கேளிக்கைப் பயன்பாட்டுக்கென ஒதுக்கித் தனிச் சட்டமே வந்தது. அதன் பிறகும், 1995-இல் திறந்த பூங்கா, பிக் டிப்பர் ரயிலின் இரைச்சல் பற்றிய அக்கம்பக்கத்தாரின் புகார்களால் மறு ஆண்டே மூடப்பட்டு, 2004-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 2010-இல் மாநில மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. பி.பி. பார்க் 1972-இல் மூடப்பட்டபோது அத்தகைய சட்டம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. அந்த இடத்தில் சுங்கை வாங் பிளாசா வணிக வளாகம் எழுந்தது. சட்டம்தான் காப்பாற்றியது, பழமையின் மீதுள்ள பாசம் மட்டும் போதியிருக்காது என்பதே என் கணிப்பு.

கேள்வி: டிக்கெட்டை அங்கே போய் வாங்கலாமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: டிசம்பரில் அங்கும் பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் அதிகமாக இருக்கும், இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். ராட்டினங்களில் வயதைவிட உயரத்தைத்தான் பார்ப்பார்கள் என்பதால், சிறுபிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போனால் நுழைவாயிலில் அழுகையைத் தவிர்க்கலாம்.