வெசாக் கூட்டுத் தாளில் வண்டு மடிக்கலாம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: “மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரிகாமியில் கொக்கு, தவளை எல்லாம் ஏ4 தாளிலேயே அழகாக மடிப்பாள். இப்போது ஆறு காலும் கொம்பும் உள்ள வண்டு மடிக்கப் பார்க்கிறாள். கால் வரும் இடத்தில் தாள் வெடித்துவிடுகிறது. வெடிக்காமல் தப்பிய வண்டும் இரண்டு நாளில் காலை விரித்துக்கொள்கிறது. வெளிநாட்டுத் தாள் வாங்கிக் கட்டுப்படியாகாது. வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?”

முடியும். முதலில், பிள்ளையின் கையில் குறையில்லை. போட்டோகொப்பித் தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை. தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஐந்து தடவை பாதியாக மடித்தால் 32 அடுக்கு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல். வண்டின் காலே அவ்வளவுதான் இருக்கும். உள்ளே இத்தனை அடுக்கு திணிந்திருக்க, வெளி அடுக்கு நீளவும் முடியாமல் வளையவும் முடியாமல் வெடிக்கிறது. நார் இன்னொரு காரணம். சாதாரணத் தாளின் மரக்கூழ் நார் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளம்தான். ஜப்பானியர் வாஷி தாளுக்கு எடுக்கும் கோசோ என்ற செடியின் பட்டை நார் சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். அதனால்தான் அந்தத் தாள் எவ்வளவு மெலிந்தாலும் சட்டென்று கிழிவதில்லை.

கடையில் 15 சென்டிமீட்டர் சதுரமாக, ஒரு பக்கம் மட்டும் நிறம் போட்டு விற்கும் ஒரிகாமித் தாள் கொக்குக்கு நல்லது. வண்டுக்கு அளவு போதாது, தடிப்பும் அதிகம். அதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். யானைச் சாணத்தில் செய்யும் தாளைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். பரிசு அட்டைக்கு அது அழகு, ஆனால் கூரான மடிப்பு விழாது.

பயிற்சிக்கு, ஜனவரியில் கொப்பிகளுக்கு உறை போட்டு மிஞ்சிய பழுப்புத் தாளே போதும். மெல்லியதாகப் பார்த்து 40 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிக் கொடுங்கள். மடித்த கோட்டிலேயே திரும்பத் திரும்ப மடித்தாலும் தாங்கும்.

இறுதி வண்டுக்கு என் தெரிவு, வெசாக் விளக்குக் கூட்டுக்கும் பட்டத்துக்கும் ஒட்டுகிற டிசு தாள். புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கம் தாள் கடைகளில் கேளுங்கள். ஒரு தாள் சதுர மீட்டருக்கு 20 கிராமுக்குள்தான் வரும்; தனியாக மடித்தால் துணிபோலத் துவளும். இரண்டை ஒட்டினால் 40 கிராம் அளவில், விறைப்பும் மெல்லிய தன்மையும் சேர்ந்த தாள் கிடைக்கும்.

ஒட்டுவதற்குப் பைண்டர் கம் வேண்டாம். காய்ந்தால் பிளாஸ்டிக் படலம்போல ஆகிவிடும், பிறகு நீர் பட்டாலும் எளிதில் இளகாது. கோதுமை மாப் பசை கொழும்பு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானையும் அழைத்துவரும். ஒரிகாமிக்காரர்கள் பாவிப்பது மெதில் செல்லுலோஸ் என்ற, நீரில் கரைக்கும் பசைத் தூள். அது அகப்படாவிட்டால் கேக் அலங்காரச் சாமான் விற்கும் கடைக்குப் போய், சீனிப் பூ செய்யும் சிஎம்சி தூள் என்று கேளுங்கள். அது மெதில் செல்லுலோஸுக்கு நெருங்கிய உறவு, வேலையும் செய்யும். ஒரு கோப்பை நீரைக் கலக்கிக்கொண்டே ஒரு தேக்கரண்டித் தூளைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டிபடும். இரவு முழுதும் வைத்தால் காலையில் தெளிந்த பாகாக இருக்கும். இறுகிப்போனால் நீர் சேர்க்கலாம்.

சாயத்தை முதலே சோதியுங்கள். ஈர விரலால் ஓரத்தைத் தொட்டால், மலிவான சிவப்பும் நீலமும் விரலோடு வந்துவிடும். அப்படிப்பட்டதை வெள்ளைத் தாளோடு சேர்த்தால் வெள்ளையிலும் சாயம் ஏறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே நிறம் போடுங்கள். கறுப்பும் கபிலமும் வண்டுக்குப் பொருத்தம்.

மேசைக் கண்ணாடியைத் துடைத்து அதன்மேல் முதல் தாளை விரியுங்கள். அகலமான தூரிகையால் நடுவில் தொடங்கி ஓரங்களை நோக்கிப் பசையைப் பூசுங்கள். நனைந்த டிசு கோழிக்குஞ்சைவிட மென்மை. தூரிகையை இழுத்தால் கிழியும், தொட்டுத் தொட்டு நகர்த்த வேண்டும். இரண்டாவது தாளை அடிமட்டத்தில் சுருட்டி, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக விரித்துக்கொண்டே வாருங்கள். இதற்கு இன்னொருவர் கை வேண்டும். மேலே மறுபடி பூசும்போது சிறு சுருக்கம் விழுந்தால் விட்டுவிடுங்கள், மடிப்பில் மறைந்துபோகும். காற்றுக் குமிழ்தான் ஆபத்து, அந்த இடம் பின்னர் பிரியும். குமிழை ஓரம்வரை தள்ளி வெளியேற்றுங்கள்.

முழுதாகக் காயும்வரை உரிக்கக் கூடாது. மழை நாளில் மின்விசிறி போட்டாலும் ஒரு முழு இரவு எடுக்கும். அவசரப்பட்டு உரித்தால் தாள் நெளிந்துவிடும். காய்ந்ததும் ஒரு மூலையை பிளேட்டால் கிளப்பி இழுத்தால் அப்படியே எழும்பி வரும். கண்ணாடியில் பட்ட பக்கம் வழவழப்பாக இருக்கும். அதை வண்டின் முதுகுக்கு வையுங்கள்.

சதுரத்தை வெட்டுவது ஒட்டிக் காய்ந்த பிறகுதான். அடிமட்டமும் புதிய பிளேட்டும் வைத்து 35 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். பிறகு இரண்டு மூலைவிட்டங்களிலும் மெதுவாக மடித்துப் பாருங்கள். ஓரங்கள் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அந்தப் பிசகு கால்நுனியில் வந்து நிற்கும்.

கால் விரிவதற்கும் மருந்து அதே பசைதான். மடித்து முடித்ததும் மெல்லிய தூரிகையால் கால்களின் அடுக்குகளுக்குள் சிறிது தடவி, விரும்பிய வடிவில் வளைத்து, துணிக் கிளிப் மாட்டிக் காயவிடுங்கள். அதிகம் பூசினால் அதுவே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இளகும். கண்ணாடிப் பெட்டியில் வைப்பதானால் மருந்துப் போத்தல்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அடியில் போடுங்கள்.

மிஞ்சிய பசை குளிர்சாதனப் பெட்டியில் சில நாள் இருக்கும். பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். சீனிப் பாகு என்று யாராவது எடுத்துவிடுவார்கள்.