கருத்தாளர் ஆன பிறகும் வகுப்பறையில்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கிராமத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் வேலை செய்கிறேன். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். சுற்றியுள்ள பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அறிவியலிலும் கணக்கிலும் வழிகாட்ட என்னைக் கருத்தாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் கணக்குப் பட்டதாரி இல்லை. பயிற்சி என்றால் யாரோ பேசுவார்கள், நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவோம், அவ்வளவுதான். என்னைப் போன்ற ஒருவர் மற்றவர்களுக்கு என்ன வழிகாட்ட முடியும்? பிள்ளைகளோடு இருக்கும் நேரமும் இதில் போய்விடாதா?

ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

நேரம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதற்குக் கடைசியில் வருகிறேன். பட்டம் இல்லை என்பதற்காக மட்டும் தயங்காதீர்கள்.

லிபிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 23, சீனாவில் 72 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் 1¾ ÷ ½ என்ற கணக்கைக் கொடுத்து, விடையோடு அதற்குப் பொருந்தும் ஒரு கதைக்கணக்கும் கேட்டார்கள். சீன ஆசிரியர்கள் அத்தனை பேரும் விடையைச் சரியாகச் சொன்னார்கள். அமெரிக்கர்களில் 9 பேர்தான் சொன்னார்கள். கதைக்கணக்கிலோ அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் தடுமாறினார்கள். இத்தனைக்கும் அமெரிக்க ஆசிரியர்கள் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள்.

அந்தக் கணக்கில் எங்கே சிக்கல் என்று பாருங்கள். 'ஒன்றே முக்கால் மீட்டர் நாடாவை இரண்டு பேருக்குப் பிரி' என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அது 2ஆல் வகுப்பது. ½ஆல் வகுப்பது என்றால், ஒன்றே முக்கால் மீட்டரில் அரை மீட்டர் துண்டுகள் எத்தனை என்று கேட்பது. மூன்று துண்டு வெட்டியதும் கால் மீட்டர் மிஞ்சும். அப்படியானால் விடை மூன்றே காலா, மூன்றரையா? இந்த இடத்தில் வகுப்பைச் சண்டை போட விடுங்கள். மிஞ்சிய கால் மீட்டர், ஒரு துண்டின் பாதி. அதனால் மூன்றரை. தலைகீழாக்கிப் பெருக்க மட்டும் கற்ற பிள்ளைக்கும் மூன்றரை வரும், ஆனால் அந்த அரை எதில் அரை என்று அதற்குத் தெரியாது. இதைப் பார்க்கத் தெரிந்த ஆசிரியர்தான் பக்கத்துப் பள்ளிக்காரருக்கு உதவ முடியும். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளின் தவறுகளைப் பார்த்துவரும் உங்களுக்கு அந்தக் கண் ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது.

சீன ஆசிரியர்களுக்கு அது எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, வேலைக்கு வந்த பிறகு. பாடநூலை ஊன்றிப் படிப்பதும், சக ஆசிரியர்களோடு குழுவாக உட்கார்ந்து பாடங்களைப் பேசுவதும் அங்கே வேலையின் பகுதி. ஜப்பானிலும் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பிறகு எல்லோரும் சேர்ந்து அந்தப் பாடத்தை அலசும் வழக்கம் நூறாண்டுக்கு மேல் பழையது.

ஈராசிரியர் பள்ளியில் இதற்கு ஆள் எங்கே என்பீர்கள். சரிதான், கிராமத்து ஆசிரியரின் பெரிய கஷ்டமே இந்தத் தனிமை. கொலம்பியாவில் 1970களின் நடுவில், ஓரிரு ஆசிரியர்களே எல்லா வகுப்பையும் பார்க்கும் கிராமப் பள்ளிகளுக்காக 'எஸ்குவேலா நுவேவா' (புதிய பள்ளி) என்ற கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, விக்கி கோல்பெர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் இதைக் கவனித்தார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் அவ்வப்போது ஒன்றுகூடித் தங்கள் சிக்கல்களைத் தாங்களே பேசித் தீர்க்கும் சிறு வட்டங்களை அமைத்தார்கள். உங்களிடம் நான் எதிர்பார்க்கும் தலைமையும் இதுதான். மேடை ஏறி உரையாற்றும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

அறிவியலுக்கும் இதே வழி. நிலா தேய்வதும் வளர்வதும் பூமியின் நிழலால் என்று நம்பும் பெரியவர்கள் எத்தனையோ பேர், நம் சக ஆசிரியர்கள் உட்பட. விரிவுரை வேண்டாம். சூரியனும் நிலாவும் ஒன்றாகத் தெரியும் ஒரு பகலில் எல்லோரையும் வெளியே கூட்டிப்போய், ஒரு பந்தை நிலா இருக்கும் திசையில் வெயிலில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நிலாவில் எவ்வளவு வெளிச்சமோ அதே அளவு பந்திலும் தெரியும். பூமியின் நிழலுக்கு அங்கே வேலையே இல்லை. அது நிலாவில் விழுவது கிரகணத்தின்போது மட்டும்தான். திறந்த வானம் உள்ள பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

இனி நேரம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நல்ல ஆசிரியரைக் கருத்தாளர் ஆக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் படிவங்களுக்கும் கூட்டங்களுக்கும் இழுத்து, கடைசியில் அவரை வகுப்பிலிருந்தே பிடுங்கிவிடுவது எனக்குக் கோபம் தரும் விஷயம். பாடம் நடத்தாதவரின் யோசனையை மற்ற ஆசிரியர்கள் எதற்கு நம்ப வேண்டும்? நீங்கள் வெளியே போகும் நாளில் உங்கள் வகுப்புக்கு மாற்று ஆசிரியர் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பள்ளிகள் ஒன்றுக்கொன்று தொலைவு என்றால் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். இதைச் சலுகையாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

முதல் சந்திப்புக்கு நாலைந்து பேர் போதும். அந்த 1¾ ÷ ½ஐயே கொடுத்து, ஆளுக்கொரு கதைக்கணக்கு எழுதச் சொல்லுங்கள். யாருடையது தவறு என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம், நாடாவை வெட்டிப் பார்க்கட்டும். அப்புறம், அடுத்த சந்திப்பை உங்கள் வகுப்பிலேயே வைத்து, நீங்கள் பாடம் நடத்துவதை அவர்கள் பார்க்கட்டும். என்ன பேசினீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.