கணவாய்க் குஞ்சுகளை நீரோட்டம் எங்கே கொண்டுபோகிறது? கேள்வி பதில்

கே: ஊசிக் கணவாய் அம்பு மாதிரிப் பாயுமே. அதன் குஞ்சு ஏன் நீரோட்டத்தோடு போகிறது?

ப: பாய்வதெல்லாம் வளர்ந்த பிறகு. ஜப்பானியப் பறக்கும் கணவாயின் குஞ்சு முட்டையை விட்டு வரும்போது உடல் நீளம் சுமார் 1 மி.மீ.தான். நீரைப் பீய்ச்சி ஒரு துள்ளல் துள்ளும், உடனே நின்றுவிடும். அத்தனை சிறிய உடலுக்குத் தண்ணீரே கூழ் மாதிரி. ஜப்பானை ஒட்டி ஓடும் குரோஷியோ நீரோட்டமோ வினாடிக்கு 1 மீட்டருக்கு மேல் ஓடக்கூடியது.

கே: அப்படியானால் பிழைப்பது வெறும் அதிர்ஷ்டமா ஐயா?

ப: இல்லை. தாய் எங்கே, எப்போது முட்டையிடுகிறது என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது. இந்தக் கணவாய் கிழக்குச் சீனக் கடலிலும் ஜப்பானின் கியூஷு தீவை ஒட்டியும் முட்டையிடும். முட்டைகள் ஜெல்லி உருண்டைக்குள் இருக்கும், 80 செ.மீ. வரை அகலம், 2 லட்சம் முட்டை வரை. மேலே இளஞ்சூட்டு நீர், கீழே குளிர்ந்து கனத்த நீர், இரண்டும் சேரும் அடுக்கில் உருண்டை தங்கிவிடும். முட்டையை விட்டு வந்த குஞ்சுகள் மேலே ஏற, குரோஷியோவோ அதிலிருந்து பிரியும் சுஷிமா நீரோட்டமோ அவற்றை வடக்கே கொண்டுபோகும். வழியில் நீர் ஏறக்குறைய 18 முதல் 24 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மஞ்சள் கரு சில நாளில் தீர்ந்துவிடும், அதற்குள் இரையும் கிடைக்க வேண்டும். 1980களின் இறுதியில் குளிர்காலம் இதமானபோது முட்டையிட ஏற்ற பரப்பு விரிந்தது, பிடிபாடும் கூடியது. ஆயுள் ஒரே ஆண்டு என்பதால், ஒரு பருவம் கெட்டால் ஈடுகட்ட மூத்த தலைமுறை இருக்காது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

கே: நீரோட்டமே குஞ்சைக் கொல்லுமா?

ப: இரை இல்லாத இடத்தில் விட்டால் கொல்லும். தென்னாப்பிரிக்காவின் சொக்கா கணவாய் விரிகுடாக்களின் தரையில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் அகுல்ஹாஸ் திட்டின் (அந்நாட்டின் தென்கரையை ஒட்டிய ஆழமற்ற கடற்பகுதி) மேலேயே மேற்கே மிதந்தால், கோபிபாட் என்னும் நுண்ணிய ஓட்டுயிரிகள் மலிந்த நீரை அடையும். திட்டை விட்டு ஆழ்கடலுக்குள் இழுபட்டால் பட்டினிதான்.

கே: தப்பிக்க அதனால் ஒன்றுமே செய்ய முடியாதா?

ப: கிடையாகப் போராட முடியாது, மேலும் கீழும் நகர முடியும். அதுதான் அதன் சுக்கான். ஆழத்துக்கு ஆழம் நீரோட்டத்தின் வேகமும் திசையும் மாறும். கலிபோர்னியாக் கணவாயின் குஞ்சு இரவில் மேலே வரும், பகலில் இறங்கும். அதனால்தான் பல குஞ்சுகள் கரையை விட்டு அகலாமல் இருக்கின்றன. குஞ்சுகளை மேல்மட்டத்திலேயே மிதக்கவிட்டுக் கணக்கிடும் கணினி மாதிரிகளை நான் நம்புவதில்லை.

கே: பிறந்த நாளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ப: தலைக்குள் இருக்கும் சமநிலைக் கல்லில் நாளுக்கு ஒரு வளையம் விழும். எண்ணினால் போதும்.

கே: அடித்துச் செல்லப்பட்டவை திரும்புமா?

ப: திரும்பும். வடமேற்கு அட்லாண்டிக்கின் இல்லெக்ஸ் என்னும் கணவாயின் குஞ்சுகளைக் கல்ஃப் ஸ்ட்ரீம் என்னும் வெப்ப நீரோட்டம் வடகிழக்கே சுமந்து போகும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வரை போய் மேய்ந்து கொழுத்தவை, இலையுதிர் காலத்தில் தெற்கே கிளம்பும். அப்போது நீரோட்டத்தை எதிர்க்கும் வலு அவற்றுக்கு வந்திருக்கும்.