ஒரு வரலாற்று ஆசிரியையின் நினைவு மலர்: வாசகர் கேள்வி, எமது பதில்

முள்ளியவளையிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தில் நான்கு கேள்விகள் இருந்தன. அவரைப் போன்ற நிலையில் வன்னியில் பல குடும்பங்கள் இருப்பதால், இம்முறை இப்பகுதியை அவருடைய கடிதத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் அம்மா வன்னியின் பல பாடசாலைகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். அந்தியேட்டியன்று நாங்கள் வெளியிட்ட கல்வெட்டு என்ற நினைவு நூலில் தேவாரங்களும் இரங்கற் பாக்களும் இருந்தன, அம்மா இருக்கவில்லை. ஆண்டுத் திவசத்துக்கு அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் மலர் ஒன்றை வெளியிட விரும்புகிறோம். ஆனால் நியமனக் கடிதம், சான்றிதழ்கள், படங்கள் யாவும் 2009 இல் இடம்பெயர்ந்த வழியிலேயே போய்விட்டன. எந்த ஆண்டில் எந்தப் பாடசாலையில் இருந்தார் என்பதுகூடத் தெளிவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கடதாசிகள் போனதோடு எல்லாம் போய்விட்டது என்று உங்கள் அம்மா வகுப்பில் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். அவர் ஓய்வூதியம் பெற்றவர் என்பதால், முதல் நியமனத் திகதியும் சேவைக்காலமும் எங்கோ ஒரு கோவையில் பதிவாகியிருக்க வேண்டும். பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவிலும் வலயக் கல்வி அலுவலகத்திலும் அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து விசாரியுங்கள். அங்கே கிடைக்காதவற்றுக்குப் பழைய மாணவர்களிடம் போங்கள்.

அவர்கள் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள், இடப்பெயர்வைச் சொல்வார்கள். "ஜெயசிக்குறு நேரம் ரீச்சர் மல்லாவியில படிப்பிச்சவ" என்று ஒருவர் சொன்னால், அது ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை நடந்த, 1997 மே மாதத்துக்கும் 1998 இன் கடைசிக்கும் இடைப்பட்ட காலம். "யாழ்ப்பாணத்துச் சனம் வந்து சேர்ந்த நேரம்" என்றால் 1995 இன் கடைசி மாதங்கள் அல்லது அதை அடுத்து வந்த ஆண்டு. "சுனாமிக்கு அடுத்த தவணை" என்பது 2005 இன் முதலாம் தவணை. "கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட நேரம்" என்று சொல்பவரிடம் மட்டும் திரும்பக் கேளுங்கள்: அது 1996 ஆகவும் இருக்கலாம், 2008 ஆகவும் இருக்கலாம். சோழர் காலக் கல்வெட்டுகளை மன்னனின் ஆட்சியாண்டைக் கொண்டு காலம் கணிப்பது போலத்தான் இதுவும். இருவர் தனித்தனியே ஒரே காலத்தைச் சொன்னால் ஆண்டை எழுதுங்கள், ஒருவர் மட்டும் சொன்னால் அவர் சொன்னதாகவே எழுதுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், மலருக்கு இது வேண்டுமோ என்ற தயக்கத்தோடு, ஒரு செய்தியை எழுதியிருக்கிறீர்கள். ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவுக்கு அம்மா தம் வகுப்பை அழைத்துச் சென்றதும், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் பெயர் பொறித்த நினைவுக்கல்லின் முன்னால் பிள்ளைகளை இருத்திக் கேள்வி கேட்டதும்தான் அந்தச் செய்தி. 1803 ஒக்டோபர் 31 அன்று ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை இவ்விடத்தில் தோற்கடித்தார் என்று அந்தக் கல் சொல்கிறது. "இறந்தார் என்று இதில் எங்கே இருக்கிறது? இந்தக் கல்லை நட்டது வென்றவர்களா, தோற்றவர்களா? அதே ஆண்டு ஆகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டை தாக்கப்பட்டதை இது ஏன் சொல்லவில்லை?" என்று அவர் கேட்டிருக்கிறார். பிறகு, யானையை அடக்கிய அரியாத்தையின் கதையை ஊர்ப் பாடலிலிருந்து பாடிக் காட்டி, பாடல் சொல்வதையும் கல் சொல்வதையும் ஒரே மாதிரி நம்பலாமா என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறார். 'சமூகக்கல்வியும் வரலாறும்' என்று இரண்டையும் ஒன்றாக்கி, வன்னிக்குச் சில வரிகளை மட்டும் ஒதுக்கிய பாடநூலை வைத்துக்கொண்டு இப்படிக் கற்பித்த ஒருவரைக் 'கல்விக் கடல்' என்று எழுதினால் அவரைப் பற்றி எதுவுமே சொன்னதாகாது. மலரின் முதற் கட்டுரை கற்சிலைமடுவாகவே இருக்கட்டும். அன்று அங்கே இருந்தவர்களில் இருவரையாவது தேடிப் பிடித்து, அவர்களுடைய சொற்களிலேயே எழுதுவியுங்கள்.

இரங்கற் பாக்களையெல்லாம் நீக்கிவிட வேண்டியதில்லை. திதி வெண்பாவைக் கட்டாயம் சேருங்கள்; இறந்த ஆண்டும் மாதமும் திதியும் பிழையில்லாமல் பதிவாகும் இடம் அதுதான்.

கேள்வி: அம்மா இரவிரவாகக் கொப்பிகள் திருத்துவார். எங்களோடு இருந்து கதைக்க அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. காலையில் எனக்குத் தலை இழுத்துப் பின்னும்போது மட்டும் ஏதாவது ஒரு கதை சொல்வார். அந்த ஏக்கத்தை எழுதினால் பெற்ற தாயைக் குறை சொன்னதாக ஆகிவிடும் என்று தம்பி சொல்கிறான்.

பதில்: நான் உங்கள் பக்கம். ஆனால் ஏக்கத்தை மட்டும் தனியாக எழுதாமல், அந்த இரவுகள் எப்படி இருந்தன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் எவ்வளவு அரிதாக இருந்தது என்பதும், ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த ஒரே விளக்கைச் சுற்றி வீடு முழுவதும் படித்தது என்பதும் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த வெளிச்சத்தில் மற்றவர்களின் பிள்ளைகளுடைய கொப்பிகளும் இருந்தன, நீங்களும் இருந்தீர்கள். தலை பின்னும்போது சொன்ன கதைகளில் நினைவில் நிற்பதை முழுமையாக எழுதுங்கள். ஒரு மாணவரும் அவற்றைத் தர முடியாது. தம்பிக்கு வேறு நினைவுகள் இருந்தால் அவர் தம் பெயரில் தனியாக எழுதட்டும். ஒரு தாயைப் பற்றி இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக எழுதுவதில் பிழையில்லை. அதைப் பொறுக்க முடியாத உறவினர்கள் வழக்கம்போல் இருக்கத்தான் செய்வார்கள்.

கேள்வி: எங்கள் மூத்த அண்ணா 2009 மே மாதத்துக்குப் பின்னர் வீடு திரும்பவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்துக்கு அம்மாவும் போய் இருந்தார். பிள்ளைகளின் பெயர்களை அச்சிடும்போது அண்ணாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பதில்: போட வேண்டாம். தம் மகன் இறந்துவிட்டான் என்று உங்கள் அம்மா எந்தக் கடதாசியிலும் ஒப்பமிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஒப்புக்கொள்ளாத ஒன்றை அவருடைய மலரில் அச்சிட எவருக்கும் உரிமையில்லை. மூத்தவர் என்ற முறையில் அண்ணாவின் பெயரை முதலில், மற்றவர்களுடைய பெயர்களைப் போலவே எந்த அடைமொழியும் இல்லாமல் போடுங்கள். அம்மா கோவிலடியில் போய் இருந்ததை ஆண்டோடும் இடத்தோடும் எழுதுங்கள். அதற்கு விளக்கம் தேவையில்லை.

கேள்வி: மலரை உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. அவர் கற்பித்த பாடசாலைகளின் நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். நூலகம் நிறுவனம் தன் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நினைவு மலர்களைப் பெருந்தொகையாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அவர்களுக்கும் ஒரு பிரதியை அனுப்பி வையுங்கள். அச்சகத்திலிருந்து மென்பிரதியையும் கேட்டு வாங்கி, வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவரிடமும் ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.