சொந்த விமானத்தில் எல்லை தாண்டியவர்கள்: பெருந்தொற்றுக் காலம் பற்றிய கேள்வி பதில்

ஜக்கூர் ஓடுதளத்தில் பறக்கக் கற்றவன் நான். பிழைப்பு, தனியார் விமானங்களுக்கு வெளிநாட்டு அனுமதி வாங்கித் தருவது. கோவிட் காலத்தில் சிறு விமானங்களின் கதி என்னவாயிற்று என்று பெங்களூருத் தமிழர்கள் பலர் கேட்டிருந்தார்கள். விமானம் ஓட்டாதவர்களும் கேட்டிருப்பதால் கலைச்சொற்களை முடிந்தவரை தவிர்த்திருக்கிறேன்.

அல்சூர் வாசகி: 2020 மார்ச்சில் எல்லா விமானங்களும் நின்றுபோயின. சொந்த விமானம் வைத்திருந்தவர்கள் மட்டும் பறந்தார்களாமே? பணம் இருந்தால் சட்டம் வளைந்துகொடுக்குமா?

வளையவில்லை அம்மா, அதன் வாசகமே அப்படி இருந்தது. 2020 மார்ச் 22 முதல் இந்தியா தடுத்தது, காலப்பட்டியல்படி, அதாவது முன்பே அறிவித்த நேரங்களில், இயங்கும் பன்னாட்டுப் பயணியர் விமானங்களை. ‘காலப்பட்டியல்படி’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு வெளியே நின்றவை சரக்கு விமானங்களும், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் இந்திய அரசு அமைப்பான டிஜிசிஏ தனியாக அனுமதித்த விமானங்களும். அதற்காகத் தனியார் விமானங்களுக்குக் கதவு திறந்து கிடந்தது என்று எண்ண வேண்டாம். விண்ணப்பம் போட்டு, காரணம் சொல்லித்தான் போக வேண்டும். வழக்கமான பன்னாட்டுச் சேவை திரும்பியது 2022 மார்ச் 27 அன்று.

பணத்தின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் 2021 ஏப்ரலைப் பாருங்கள். இரண்டாம் அலையின்போது ஐக்கிய அரபு அமீரகம் இந்தியப் பயணிகளைத் தடுத்தது. தனியார் ஜெட் விமானங்களுக்கு மட்டும் விலக்கு. வாடகை ஜெட்டுக்கு அடிதடி நடந்தது. அதே வாரத்தில், ஏப்ரல் 22 அன்று, கனடாவும் இந்திய விமானங்களைத் தடுத்தது. ஆனால் அந்த ஆணை வணிக விமானம், தனியார் விமானம் இரண்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. நோய் ஒன்றுதான். ஒரு நாடு சிறு விமானத்தை உள்ளே விட்டது, இன்னொன்று வாசலிலேயே நிறுத்தியது. எங்கள் தொழிலில் ஆணையை வரிவரியாகப் படிக்காதவன் விமானத்தை நிறுத்திவைக்க வேண்டியதுதான்.

ஜக்கூர் மாணவர்: சார், சிகாகோ உடன்படிக்கையின் 5ஆம் பிரிவுப்படி, காலப்பட்டியல் இல்லாத விமானம் முன் அனுமதி இல்லாமலேயே இன்னொரு நாட்டுக்குள் பறக்கலாம் என்று படித்தேன். பிறகு எப்படித் தடுத்தார்கள்?

படித்தது சரிதான் தம்பி, ஆனால் பாதியில் புத்தகத்தை மூடிவிட்டீர்கள். நாடுகளிடையே விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையான 1944இன் அந்த உடன்படிக்கையில் 1ஆம் பிரிவே ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் வான்வெளியில் முழு இறையாண்மை கொடுத்துவிடுகிறது. நெருக்கடிக் காலத்தில் பறப்பைத் தற்காலிகமாகத் தடை செய்யலாம் என்கிறது 9ஆம் பிரிவு. நமக்கு உண்மையில் முட்டுக்கட்டை போட்டது 13ஆம் பிரிவு. நுழைவு, குடியேற்றம், சுங்கம், தனிமைப்படுத்தல் ஆகியவற்றில் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விமானத்தில் வருகிறவர்கள் கட்டுப்பட்டே ஆக வேண்டும். 5ஆம் பிரிவு விமானத்தைப் பற்றியது. 13, அதற்குள் உட்கார்ந்திருக்கும் உங்களைப் பற்றியது. விமானத்துக்கு அனுமதி கிடைத்து, ஆளுக்குக் கிடைக்காமல் நின்ற பயணங்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு அலுவலகம் ‘வாருங்கள்’ என்று அனுமதி எண் கொடுக்கும். அதே ஊரில் சுகாதாரத் துறை ‘வராதீர்கள்’ என்று அறிவிப்பு ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. நடைமுறையில் இந்தியா உட்படப் பல நாடுகள் 5ஆம் பிரிவையும் மீறி முன் அனுமதி கேட்பது தனிக்கதை.

மல்லேஸ்வரம் வாசகர்: விமானப் பணியாளர்களுக்குத் தனிமைப்படுத்தலில் விலக்கு இருந்ததே. தானே ஓட்டிக்கொண்டு வருகிறவர் பணியாளரா, பயணியா?

நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் பலர் மாட்டிக்கொண்ட இடமும் இதுதான். கிளம்புமுன் கொடுக்கும் பயணத் திட்டமான ஃப்ளைட் பிளான் படிவத்தின் 8ஆம் கட்டத்தில் பறப்பின் வகையை ஓர் எழுத்தால் குறிப்போம்: காலப்பட்டியல் விமானமென்றால் ‘எஸ்’, நம்மைப் போன்றவர்களுக்கு ‘ஜி’. 19ஆம் கட்டத்தில் மொத்தம் எத்தனை பேர் என்று மட்டுமே கேட்பார்கள். விமானியும் அதில் அடக்கம். ஆகவே வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு இந்தக் கேள்வியே எழாது. தரையில் கொடுக்கும் பொது அறிவிப்புப் படிவத்தில்தான் பணியாளர் பெயர் தனியாக வரும். அதன் கீழே உடல்நல அறிவிப்பு என்று ஒரு பகுதி உண்டு. 2020க்கு முன் எல்லோரும் படிக்காமலே ‘இல்லை’ என்று எழுதிய இடம் அது.

பெயர் பணியாளர் பகுதியில் இருக்கிறதே என்று வாதாடியவர்களுக்குப் பெரும்பாலும் பலன் கிடைக்கவில்லை. விலக்கு, வேலையாகப் பறப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. குடும்பத்தோடு விடுமுறைக்குப் பறக்கிறவரை அதிகாரிகள் பயணியாகத்தான் பார்த்தார்கள். 2021 ஜனவரி 26 முதல் அமெரிக்கா கேட்ட கோவிட் சோதனைச் சான்று சிறு விமானத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் பொருந்தியது. அது சரியென்றே நான் நினைக்கிறேன். நான்கு இருக்கை விமானத்தில் வந்தால் கிருமி வராதா என்ன?

ஒயிட்ஃபீல்டு வாசகர்: சியாட்டிலில் இருக்கும் என் அக்கா மகன் செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானம் ஓட்டுகிறான். 2021இல் அலாஸ்கா போக ஆசைப்பட்டு, கனடா குறுக்கே இருந்ததால் கைவிட்டான். வழியே இல்லையா?

கனடாவில் இறங்கிப் போவது அப்போது பெரிய தலைவலி. 2021 பிப்ரவரி முதல் வெளிநாட்டிலிருந்து வரும் பயணியர் விமானங்கள் வான்கூவர், கால்கரி, டொரண்டோ, மாண்ட்ரியல் ஆகிய நான்கில் மட்டுமே இறங்கலாம் என்றார்கள். தனியார் விமானமும் அதில் சேர்ந்தது. எண்ணெய் நிரப்ப வழக்கமாக இறங்கும் சிற்றூர் ஓடுதளங்கள் எல்லாம் கணக்கிலிருந்து போயின.

தரையைத் தொடாமல் கடந்து போவது வேறு விஷயம். அமெரிக்க எல்லையோரத்து பெலிங்ஹாமிலிருந்து அலாஸ்காவின் கெட்சிகன் 500 நாட்டிகல் மைலுக்குச் சற்று மேல். முழு டாங்கியோடு 172 அந்தத் தூரம் போகும், காகிதத்தில். எதிர்காற்று 20 நாட் வீசினால் காகிதக் கணக்கு கடலில் விழும். கீழே தீவுகளும் மலைகளும், மேகம் தாழ்ந்தால் திரும்பவும் இடமில்லை. உங்கள் அக்கா மகன் கைவிட்டது புத்திசாலித்தனம் என்று அவனிடம் சொல்லுங்கள்.

அதே வாசகர்: கனடாவுக்கு மேலே கோளாறு வந்திருந்தால்?

இறங்க வேண்டியதுதான். ஆபத்திலிருக்கும் விமானத்துக்கு உதவுவது 25ஆம் பிரிவின்படி நாடுகளின் கடமை. பெருந்தொற்று அதை ரத்து செய்யவில்லை. இறங்கிய பிறகு தனிமைப்படுத்துவார்கள், படுத்தட்டும். தனிமைப்படுத்தலுக்குப் பயந்து ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லத் தயங்குகிறவன் விமானியே இல்லை.

ஜெயநகர் வாசகி: நான் கோவைக்காரி. உலகைச் சுற்றிய ஒரு பெண் விமானி எங்கள் ஊரில் இறங்கினாரே, அவருக்கு எப்படி எல்லா நாடுகளும் வழிவிட்டன?

ஜாரா ரதர்ஃபோர்டைச் சொல்கிறீர்கள். 19 வயதில், ஷார்க் என்ற மிகச் சிறிய விமானத்தில் தனியாக. 2021 ஆகஸ்டில் பெல்ஜியத்திலிருந்து கிளம்பி, 2022 ஜனவரியில் கொழும்பு, கோவை, மும்பை வழியாகப் போய் ஜனவரி 20 அன்று முடித்தார். மூன்று மாதத்தில் முடிக்க நினைத்தது ஐந்து மாதம் ஆனது. அலாஸ்காவின் நோம் ஊரில் ஏறத்தாழ ஒரு மாதம் முடங்கிக் கிடந்தார். ரஷ்ய விசா காலாவதியாகிவிட்டது, வானிலையும் விடவில்லை.

சிறு விமானத்தின் சங்கடம் முழுவதும் இதில் இருக்கிறது. தாளுக்கு ஒரு கெடு, வானத்துக்கு ஒரு மனம். பெரிய விமானம் மேகத்துக்கு மேலே போய்விடும்; கண்பார்வை விதிப்படி, அதாவது வெளியே பார்த்தே வழி கண்டு, பறக்கிறவன் தெளியும்வரை காத்திருக்க வேண்டும், பல நாடுகளில் சூரியன் சாய்ந்தால் மறுநாள்தான். இந்தியாவுக்கு வர 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்று கேட்ட காலத்தில், முதல் நாள் அறிக்கைக்காகப் போகும், இரண்டாம், மூன்றாம் நாட்கள் மழையில் போகும். நான்காம் நாள் வெயில் அடித்தால் சான்று செத்திருக்கும், மறுபடி மூக்கில் குச்சி. போதாததற்கு விமான நேரம் எல்லாம் கிரீன்விச் கணக்கு, ஆய்வகச் சீட்டு உள்ளூர் கணக்கு. ஐந்தரை மணி நேரத்தைத் தப்பாகக் கூட்டிக் கழித்து அல்லாடியவர்கள் உண்டு.

கம்மனஹள்ளி வாசகர்: என் விமானி உரிமக் காலத்தை அப்போது தானாகவே நீட்டித்தார்கள். அதை வைத்து வெளிநாட்டில் பறந்திருக்கலாமா?

இறங்கும் நாடும் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும். ஒரு நாடு தன் விமானிகளுக்குக் காட்டிய சலுகை அடுத்த நாட்டைக் கட்டுப்படுத்தாது. யார் எதைத் தளர்த்தினார்கள், யார் யாருடையதை ஏற்கிறார்கள் என்று பதிய, ஐநாவின் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ 2020இல் தனி ஏற்பாடே செய்தது. அதைப் பார்க்காமல் கிளம்பினால், விமானம் நிற்கும் இடத்தில் நடக்கும் சோதனையில் உங்கள் உரிமம் வெறும் அட்டைதான்.

ஜக்கூர் மாணவர்: பெட்ரோல் செலவை நண்பர்களிடம் வாங்கிக்கொண்டு கொழும்பு போகலாமா சார்?

தனி விமானி உரிமத்தில் கூலிக்குப் பறக்கக் கூடாது. நண்பர் என்று நீங்கள் சொல்வீர்கள், பயணி என்று அதிகாரி எழுதுவார். அப்புறம், ஜக்கூரிலிருந்து நேரே கொழும்பு கிடையாது. சுங்கமும் குடியேற்றமும் உள்ள விமான நிலையத்துக்குப் போய்த்தான் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

மல்லேஸ்வரம் வாசகர்: தடுப்பூசி போட்ட மறுநாளே பறந்ததாக ஒரு நண்பர் பெருமையடித்தார்.

அவர் இந்திய உரிமம் உள்ளவர் என்றால் அதைப் பொதுவில் சொல்லாதிருப்பது நல்லது. ஊசி போட்ட 48 மணி நேரம் பறக்கத் தகுதியில்லை என்று 2021 மார்ச்சில் டிஜிசிஏ சொல்லியிருந்தது.