பிரேக்கிங் பேடுக்கு முன்னாடி பிரையன் கிரான்ஸ்டன் யாரு?

மால்கம் இன் த மிடில்ங்கற டிவி சீரியல்ல காமெடி அப்பாவா நடிச்ச பிரையன் கிரான்ஸ்டனுக்கு, பிரேக்கிங் பேட் சீரியல்ல முக்கிய கேரக்டரான வால்டர் ஒயிட் ரோல் எப்படி கிடைச்சதுன்னு கேட்டிருக்கீங்க. அதுக்கு காரணமே 1998ல வந்த, எக்ஸ் ஃபைல்ஸ்ங்கற டிவி சீரியலோட ஒரே ஒரு எபிசோடுதாங்க. அதுல அவரு யாருக்கும் பிடிக்காத, யூதர்களைக் கண்டாலே ஆகாத ஒரு ஆளு, ஆனா காரை நிறுத்தினா செத்துடுவான்ங்கற நிலைமை, முடியறப்ப நமக்கே பாவமா இருக்கும்! அதை எழுதின வின்ஸ் கில்லிகன்தான் பின்னாடி பிரேக்கிங் பேட் எடுத்தாரு, சேனல்காரங்க "மால்கம் இன் த மிடில்ல வர்ற அப்பாவா?"ன்னு தயங்கினப்ப இந்த எபிசோடைத்தான் போட்டுக் காட்டினாராம்.

அதுக்கு முன்னாடி விளம்பரம், பவர் ரேஞ்சர்ஸ்ல வில்லனுங்களுக்கு டப்பிங், சைன்ஃபெல்டுங்கற காமெடி சீரியல்ல பல் டாக்டர்னு கிடைச்சதெல்லாம் பண்ணிட்டுதான் இருந்தாரு. 1956ல பொறந்தவரு, பிரேக்கிங் பேட் 2008 ஜனவரில ஆரம்பிக்கறப்ப வயசு 51, நம்மாளுங்க ரிட்டயர்மென்ட் பத்தி யோசிக்கற வயசு. அந்த ஒரு ரோலுக்கே 4 எம்மி (டிவிக்கான பெரிய விருது), முதல் மூணும் வரிசையா.

சினிமால ட்ரம்போங்கற படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன், மேடை நாடகத்துல 2014, 2019னு ரெண்டு டோனி விருது. என்னைக் கேட்டா மால்கம்தான் கஷ்டமான வேலை, ஜட்டியோட நின்னு சிரிக்க வைக்கறது என்ன லேசுப்பட்ட விஷயமா?